முடிவின்மேல் எழுந்த வழக்கு

கதையைத் தொடங்குதல் எளிது, முடித்தல் அரிது. இடையில் நேர்ந்த குறைகளை நல்லதொரு முடிவு மறைத்துவிடும். இடையில் அமைந்த நலன்களையெல்லாம் பொருந்தாத முடிவொன்று விழுங்கிவிடும். கதை கேட்போர் கதைக்குத் தரும் உண்மையான விலை பொருள் அன்று. காலமும் நம்பிக்கையுமே ஆகும். அவ்விரண்டையும் பல ஆண்டுகள் அள்ளித் தந்தவர்கள் இறுதியில் கைவிடப்பட்டதாக உணர்வார்களாயின், அவர்களுடைய மனக்குறை வெறும் பிடிவாதமா, அன்றி நியாயமான வழக்கா?

இவ்வினா பழைமையானது. ஆயினும், கனடா நாட்டில் உருவான ஒரு கணினி விளையாட்டுத் தொடர் 2012ஆம் ஆண்டில் நிறைவுற்றபோது, அது புதிய வேகத்துடன் எழுந்தது. 'மாஸ் எஃபெக்ட்' என்பது அத்தொடரின் பெயர். அதன் முடிவைக் கண்டு ஏமாற்றமுற்றோர் தொடுத்த வழக்கும், அதற்குப் படைப்பாளிகள் அளித்த விடையும் இலக்கியம் கற்போரும் கற்பிப்போரும் எண்ணிப் பார்க்கத்தக்கன. விளையாட்டை இலக்கியத்தோடு ஒருங்கு வைத்து ஆராய்வது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால், கதைமாந்தர், உரையாடல், முரண், உச்சம், முடிவு ஆகிய உறுப்புகள் யாவும் அதனுள் இருக்கின்றன. அவற்றோடு வேறெந்தக் கதை வடிவிலும் இல்லாத ஓர் உறுப்பும் இருக்கிறது. அதுவே இவ்வழக்கின் உயிர்நாடி.

முன்னைய வழக்குகள்

முடிவை ஏற்க மறுத்த சுவைஞர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள். சேக்சுபியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் கார்டீலியா இறப்பதைத் தாங்கவியலாத இங்கிலாந்து அரங்கம், 1681ஆம் ஆண்டில் நேகம் டேட் என்பார் திருத்தியமைத்த நாடகத்தை விரும்பி ஏற்றது. அத்திருத்தத்தில் கார்டீலியா உயிர் பிழைத்து மணம் புரிகிறாள். மன்னனும் அரியணையைத் திரும்பப் பெறுகிறான். ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இங்கிலாந்து மேடைகளில் அதுவே கோலோச்சியது. 1838ஆம் ஆண்டில் மக்ரீடி என்னும் நடிகர் சேக்சுபியரின் பாடத்தை மேடைக்கு மீட்டார்.

சார்லஸ் டிக்கன்ஸ் தம் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' புதினத்திற்கு முதலில் எழுதிய முடிவு வேறு. 1861ஆம் ஆண்டில் அச்சில் வந்த முடிவு வேறு. நண்பர் புல்வர் லிட்டனின் அறிவுரைக்கிணங்கி, பிரிவில் முடிந்த கதையை நம்பிக்கையின் சாயல் படியும்படி அவர் மாற்றினார். ஆர்தர் கோனன் டாயில் 1893ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் ஷெர்லாக் ஹோம்சை அருவியில் வீழ்த்தியபோது, வாசகர்களின் சினம் 'ஸ்டிராண்ட்' இதழைத் தாக்கியது. பத்தாண்டுகள் கழித்து, 1903ஆம் ஆண்டில், மாண்டவரை மீண்டும் உயிரோடு கொண்டுவந்து நிறுத்தினார் டாயில்.

தமிழ் வாசகரும் இதற்கு விலக்கல்லர். கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1954ஆம் ஆண்டில் முற்றுப்பெற்றபோது, கதை திடுமென முடிந்துவிட்டது என்னும் மனக்குறை வாசகரிடையே எழுந்தது. கதைமாந்தர் பின்னர் என்ன ஆனார்கள் என்று கேட்டோர்க்கு விடையாகக் கல்கி முடிவுரை ஒன்றை எழுதிச் சேர்த்தார். கதையை மாற்றாமல், கதைக்குப் பின் நிகழ்ந்தவற்றை மட்டும் கூறி வாசகரை ஆற்றுப்படுத்திய அம்முறை நினைவிற் கொள்ளத்தக்கது. அரை நூற்றாண்டுக்குப் பின் எட்மன்டன் நகரத்துப் படைப்பாளிகள் தாமாகக் கண்டறிந்த வழியும் ஏறக்குறைய அதுவே.

இம்முன்னைய வழக்குகள் அனைத்திலும் வாசகர் கதைக்கு வெளியே நின்றவர். கதையின் போக்கில் அவருக்குப் பங்கில்லை. மாஸ் எஃபெக்ட் இந்நிலையை மாற்றியது.

தொடரின் தோற்றம்

கனடாவின் ஆல்பர்ட்டா மாநிலத்திலுள்ள எட்மன்டன் நகரில் 1995ஆம் ஆண்டில் பயோவேர் நிறுவனம் தொடங்கப்பெற்றது. அதனை நிறுவியவர்களுள் ரே மியூசிகா, கிரெக் செஸ்சுக் ஆகியோர் மருத்துவம் பயின்றவர்கள். கதைக்கு முதன்மை தரும் விளையாட்டுகளை ஆக்குவதில் அந்நிறுவனம் பெயர் பெற்றது. கேசி ஹட்சன் தலைமையில் அது உருவாக்கிய மாஸ் எஃபெக்ட் முதற்பகுதி 2007ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்தது. அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் பயோவேரைத் தன்னுடைமையாக்கிக் கொண்டது. இரண்டாம் பகுதி 2010ஆம் ஆண்டு ஜனவரியிலும், மூன்றாம் பகுதி 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 6ஆம் நாளிலும் வெளியாயின.

கதை இருபத்திரண்டாம் நூற்றாண்டில் நிகழ்வது. பால்வீதியின் பல்வேறு இனங்களோடு மனித இனமும் உறவாடத் தொடங்கிய காலம். விண்மீன்களுக்கிடையே கலங்களை நொடியில் அனுப்பும் மாபெரும் செலுத்துபொறிகளே அவ்வினங்களை இணைக்கின்றன. 50,000 ஆண்டுகளுக்கு ஒருமுறை 'ரீப்பர்' என்னும் இயந்திரப் பேருயிர்கள் இருளிலிருந்து வெளிப்பட்டு, வளர்ச்சியுற்ற இனங்களையெல்லாம் அறுவடை செய்து மறைகின்றன. அவ்வறுவடை மீண்டும் நெருங்குவதை அறிந்து, நம்ப மறுக்கும் உலகங்களை ஒன்றுதிரட்டும் பொறுப்பு தளபதி ஷெப்பர்டின் தோள்மேல் விழுகிறது. ஷெப்பர்டு ஆணா பெண்ணா, இரக்கம் மிக்கவரா கடுமை மிக்கவரா என்பதை உறுதிசெய்பவர் ஆடுபவரே.

நினைவில் நின்ற முடிபுகள்

மாஸ் எஃபெக்டின் தனிச்சிறப்பு அதன் நினைவாற்றல் ஆகும். ஒரு பகுதியில் ஆடுபவர் எடுத்த முடிபுகள் சேமிப்பாக நின்று அடுத்த பகுதிக்குள் கொண்டுசெல்லப்பட்டன. முதற்பகுதியில், வீர்மயர் என்னும் கோளில் நிகழும் போரில், தோழர் இருவருள் ஒருவரைத்தான் காக்க முடியும். மற்றவர் மாள்வது திண்ணம். மாண்டவர் பின்வரும் பகுதிகளில் தோன்றுவதில்லை. காக்கப்பட்டவர் அந்நினைவைச் சுமந்தபடியே வருகிறார். அதே கோளில், ரெக்ஸ் என்னும் குரோகன் வீரனை இணங்கச் செய்யத் தவறினால் அவனும் இறக்கக்கூடும். அவன் இறந்திருந்தால், மூன்றாம் பகுதியில் அவன் இனத்திற்குத் தலைவனாக வருபவன் வேறொருவன்.

இரண்டாம் பகுதியின் இறுதிப் படையெடுப்பு இன்னும் கடுமையானது. தோழர் அனைவரும் பிழைக்கலாம், பலர் மாளலாம், ஷெப்பர்டே மாளவும் கூடும். எந்தப் பணிக்கு எவரை அனுப்புவது என்னும் தேர்வும், அவர்களுடைய பற்றுறுதியை முன்னரே பெற்றிருந்தமையும் அதனைத் தீர்மானித்தன. ஆகவே, மூன்றாம் பகுதியைத் தொடங்கிய ஒவ்வொருவர் கையிலும் தமக்கே உரிய கதையொன்று இருந்தது.

வினை விதைத்தவன் வினை அறுப்பான், தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்பது நாட்டு வழக்கு. இத்தொடர் ஐந்தாண்டுக் காலம் தன் சுவைஞர்க்குக் கற்பித்த அறமும் அதுவே. வெளியீட்டிற்கு முன்னர்ப் படைப்பாளிகள் கூறியவையும் அந்நம்பிக்கையை வளர்த்தன. பிற விளையாட்டுகளைப்போல் முதல் வகை, இரண்டாம் வகை, மூன்றாம் வகை என எண்ணிச் சொல்லத்தக்க முடிவாக இது இராது என்னும் கருத்தை 2012ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஹட்சன் ஒரு நேர்காணலில் வெளியிட்டிருந்தார்.

மூன்று வழிகள்

மூன்றாம் பகுதியின் இறுதியில், படுகாயமுற்ற ஷெப்பர்டு 'சிட்டடெல்' என்னும் விண்நகரின் உச்சியை அடைகிறார். அங்கே ஒரு குழந்தை வடிவில் தோன்றும் செயற்கை அறிவு, ரீப்பர்களை இயக்குவது தானே என்கிறது. படைக்கப்பட்ட இயந்திரங்கள் தம்மைப் படைத்த உயிரினங்களுக்கு எதிராக என்றேனும் கிளர்ந்தெழும். அப்பேரழிவைத் தடுப்பதற்கே வளர்ந்த இனங்கள் அறுவடை செய்யப்படுகின்றன என்பது அதன் வாதம். பின்னர் வழிகள் காட்டப்படுகின்றன. ரீப்பர்களோடு செயற்கை உயிர்கள் அனைத்தையும் அழிக்கலாம். ஷெப்பர்டு தம்மையே ஈந்து ரீப்பர்களை ஆளலாம். உயிரையும் இயந்திரத்தையும் ஒன்றாகக் கலந்து புதிய உயிர்நிலையைத் தோற்றுவிக்கலாம்.

எதனைத் தேர்ந்தாலும் பின்னர் வரும் காட்சிகள் பெரும்பாலும் ஒன்றே. ஒளிவெள்ளம் பாய்கிறது, செலுத்துபொறிகள் வெடித்துச் சிதறுகின்றன, தோழர்கள் ஏறிச்சென்ற நார்மண்டி கலம் முன்பின் அறியாத கோளொன்றில் வீழ்கிறது. அழிவுக்குச் சிவப்பு, ஆட்சிக்கு நீலம், கலப்புக்குப் பச்சை என ஒளியின் நிறமே கண்ணுக்குப் பளிச்செனத் தெரிந்த வேறுபாடு. தினை விதைத்தவரும் வினை விதைத்தவரும் ஒரே கதிரை அறுத்தனர்.

ஏமாற்றத்தின் வேர்கள்

தலைவன் இறந்ததே சுவைஞரின் சினத்திற்குக் காரணம் என்று அக்காலத்தில் எளிதாகக் கூறிவிட்டவர்கள் உண்டு. அது முழு உண்மையன்று. அதே மூன்றாம் பகுதியில், குரோகன் இனத்தின் மகப்பேற்றை நலிவித்த கொடுமையை நீக்குவதற்காக மோர்டின் என்னும் அறிவியலாளர் உயிர் துறக்கிறார். அந்நோயை மேம்படுத்தும் பணியில் முன்னர் ஈடுபட்டவரும் அவரே. தாம் செய்ததற்குத் தாமே கழுவாய் தேடும் அச்சாவைச் சுவைஞர் கண்ணீரோடு ஏற்றனர். தொடரின் சிறந்த பகுதிகளுள் ஒன்றாகப் போற்றினர். எனவே அவர்கள் வெறுத்தது துன்பியல் அன்று, தொடர்பறுந்த துன்பமே.

காரணங்களுள் தலையாயது, இறுதியில் கேட்ட வாதத்திற்கும் ஆடியவர் செய்த செயலுக்கும் இடையிலிருந்த முரண். குவாரியர் என்னும் இனத்தார் படைத்த இயந்திரங்களே கெத்துகள். இவ்விரு சாராரிடையே மூன்று நூற்றாண்டுக் காலம் பகை நிலவியது. முன்னைய பகுதிகளிலிருந்து பொறுமையாகவும் நேர்மையாகவும் நடந்து வந்த ஷெப்பர்டு, ரானாக் கோளில் அவ்விரு சாராரிடையே அமைதியை உண்டாக்க முடியும். படைத்தவனும் படைக்கப்பட்டதும் கூடி வாழலாம் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. அச்சான்றைத் தம் கையாலேயே படைத்தவர், அதனை எடுத்துக்காட்டி அக்குழந்தையின் வாதத்தை மறுக்க வழியில்லை. பேச்சாலேயே பேரரசுகளை இணங்கவைத்த தளபதி, பேச வேண்டிய இடத்தில் வாய்மூடி நின்றார்.

இரண்டாவது, கதையின் உள்ளொழுங்கில் நேர்ந்த குறை. பூவுலகப் போரில் ஷெப்பர்டின் அருகிலேயே இருந்த தோழர்கள், விளக்கம் ஏதுமின்றி, விலகியோடும் கலத்திலிருந்து இறங்குகின்றனர். மேலும், செலுத்துபொறி ஒன்று அழிந்தால் அதனைச் சூழ்ந்த கோள்களும் அழியும் என்பதை 2011ஆம் ஆண்டில் வெளியான துணைக்கதை காட்டியிருந்தது. அங்ஙனமாயின், அனைத்துப் பொறிகளும் சிதறியபோது காப்பாற்றப்பட்டவர் யாவர் என்னும் ஐயம் எழுந்தது.

மூன்றாவது, விடைபெறுதல் இல்லாமை. ஐந்தாண்டுகள் உடன்வந்த மாந்தரும் இனங்களும் போருக்குப் பின் என்ன ஆனார்கள் என்று ஒரு சொல்லும் கூறப்படவில்லை. மாறாக, கதை முடிந்தபின் திரையில் தோன்றிய குறிப்பு, மேலும் விளையாடியும் தரவிறக்கத்தக்க துணைப்பகுதிகளைப் பெற்றும் ஷெப்பர்டின் புகழை வளர்க்கலாம் என்றது. துயரத்தில் இருப்பவர்முன் கடைவிரித்ததாகவே அது பலருக்குப் பட்டது.

எழுந்த இயக்கம்

வெளியீடு நிகழ்ந்த சில நாட்களுக்குள், மாஸ் எஃபெக்டை மீட்போம் என்னும் பெயரில் சுவைஞர்கள் ஒன்றுதிரண்டனர். அவர்கள் கையாண்ட முறைகளுள் சில பண்பட்டவை. மருத்துவமனைகளிலுள்ள சிறுவர்க்கு விளையாட்டுப் பொருள்களை வழங்கும் 'சைல்ட்ஸ் பிளே' அறநிறுவனத்திற்கு 80,000 அமெரிக்க வெள்ளிக்கு மேல் திரட்டியளித்துத் தம் குறையை உலகறியச் செய்தனர். நன்கொடையின் நோக்கம் குறித்துக் குழப்பம் எழவே, அந்நிறுவனம் அத்திரட்டலை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டது. வேறு சிலர் பயோவேர் அலுவலகத்திற்கு 400க்கும் மேற்பட்ட சிறு கேக்குகளை அனுப்பிவைத்தனர். மேற்பூச்சு சிவப்பு, நீலம், பச்சை என மூன்று நிறம். உள்ளே சுவை ஒன்றே. நெடிய திறனாய்வுகள் கூறியதை அந்தத் தின்பண்டம் ஒரே கடியில் கூறிவிட்டது.

இறுதிக் காட்சிகள் யாவும் ரீப்பர்களால் மயக்குற்ற ஷெப்பர்டின் உள்ளத்தில் தோன்றிய மாயையே என்று நிறுவ முயன்றவர்களும் இருந்தனர். மூலத்திலுள்ள குறையை உரையால் நிரப்பும் உரையாசிரியர் மரபின் சாயலை அம்முயற்சியில் காணலாம். தாம் பற்றுவைத்த படைப்பைக் குறையுடையது என ஒப்புக்கொள்ள மனமில்லாதவர்களே நுட்பமான உரைகளை வகுக்கின்றனர்.

மற்றொரு சாரார் வழக்கை அரசு அமைப்புகள்வரை கொண்டுசென்றனர். விளம்பரங்கள் மக்களைத் தவறான நம்பிக்கைக்கு உள்ளாக்கின என்று பிரிட்டனின் விளம்பரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் முறையீடு செய்யப்பட்டது. அவ்வமைப்பு 2012ஆம் ஆண்டு ஜூன் திங்களில், விளம்பரத்தில் பிழையில்லை எனத் தீர்ப்பளித்தது. முன்னைய முடிபுகள் இறுதியை ஓரளவேனும் பாதித்தன என்பது அதன் கருத்து. சட்டத்தின் கண்ணுக்கு வாக்குறுதி பிழைக்கவில்லை. சுவைஞரின் நெஞ்சுக்கு அது பிழைத்தது. இவ்விரண்டும் வெவ்வேறு மன்றங்கள் என்பதை அத்தீர்ப்பு தெளிவாக்கியது.

எதிர்வாதமும் வலிமையானதே. படைப்பு படைப்பாளிக்கு உரியது. கூச்சலுக்கு அஞ்சி முடிவை மாற்றினால் நாளை எந்தக் கலைஞனும் துணிந்து எதையும் படைக்கமாட்டான் என்று திறனாய்வாளர் பலர் எழுதினர். மூன்றாம் பகுதி முழுவதுமே ஒரு நெடிய முடிவு. குரோகன் கதையும் குவாரியர் கதையும் அதற்குள் நிறைவுற்றுவிட்டன. கடைசிப் பத்து நிமிடங்களை மட்டும் பிரித்தெடுத்து எடைபோடுதல் முறையன்று என்பாரும் உளர்.

படைப்பாளிகள் தந்த விடை

2012ஆம் ஆண்டு மார்ச்சு 21ஆம் நாள் ரே மியூசிகா திறந்த மடல் ஒன்றை வெளியிட்டார். தம் குழுவினரின் கலையுரிமையை விட்டுக்கொடாமலும், சுவைஞரின் வருத்தத்தைப் புறந்தள்ளாமலும், இரண்டுக்கும் இடையே வழிகாண முயல்வதாக அதில் தெரிவித்தார். ஏப்ரல் 5ஆம் நாள் விரிவாக்கப் பகுதி பற்றிய அறிவிப்பு வந்தது. ஜூன் 26ஆம் நாள் அது விலையின்றி வெளியிடப்பட்டது.

அவ்விரிவாக்கம் முடிவை மாற்றவில்லை, விளக்கியது. தோழர்கள் கலத்திற்கு எவ்வாறு மீண்டனர் என்பதற்குக் காட்சி சேர்க்கப்பட்டது. செலுத்துபொறிகள் அடியோடு அழியவில்லை, பழுதடைந்தன என்பது உணர்த்தப்பட்டது. ஆடியவரின் முன்னைய முடிபுகளுக்கேற்ப ஒவ்வோர் இனமும் அடைந்த வாழ்வோ வீழ்ச்சியோ படங்களோடு எடுத்துரைக்கப்பட்டது. நான்காவதாக, எல்லா வழிகளையும் மறுக்கும் உரிமையும் வழங்கப்பட்டது. மறுத்தால் அறுவடை தொடர்கிறது. அக்காலத்து இனங்கள் அழிகின்றன. ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற அறிவைக்கொண்டு பின்வரும் தலைமுறை வெல்கிறது. முன்னர் வாயடைத்து நின்ற தளபதிக்கு இப்போது மறுமொழி கூறும் நாவு கிடைத்தது. அதற்குரிய விலையும் விதிக்கப்பட்டது. சுவைஞருக்கு முகமன் கூறுவதற்காக அமைத்த வழியாக அது தோன்றவில்லை.

2013ஆம் ஆண்டு மார்ச்சில் வெளியான 'சிட்டடெல்' துணைக்கதையில் தோழர் அனைவரும் ஓர் இல்லத்தில் கூடி உண்டும் சிரித்தும் மகிழும் விருந்து இடம்பெற்றது. போரின் போக்கை அது சிறிதும் மாற்றவில்லை. எனினும் சுவைஞர் பலர் உள்ளம் ஆறியது அதில்தான். அவர்கள் நாடியது வெற்றி மட்டுமன்று, விடைபெறும் பொழுது என்பது இதனால் புலனாகிறது.

பாட வேறுபாடும் படிப்பினையும்

இவ்வழக்கின் பின்விளைவு ஒன்று இலக்கிய வரலாறு கற்போர்க்குத் தனிச் சுவை பயப்பது. 2017ஆம் ஆண்டில் வெளிவந்த 'மாஸ் எஃபெக்ட்: ஆண்ட்ரோமெடா', கதையை மற்றோர் அண்டத்திற்குக் கொண்டு சென்றது. அதன் மாந்தர் ரீப்பர் போருக்கு முன்னரே பால்வீதியை விட்டு நீங்கியவர்கள். 600 ஆண்டுக்கு மேல் உறங்கி எழுந்தவர்கள். நான்கு முடிவுகளுள் எது உண்மை என்று தீர்க்க வேண்டிய இக்கட்டு இவ்வாறு தவிர்க்கப்பட்டது. 2021ஆம் ஆண்டு மே திங்களில் முப்பகுதிகளும் புதுக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வந்தபோது, விரிவாக்கம் அதனுள் பிரிக்கவியலாத பகுதியாகிவிட்டது. அத்தொகுப்பின் வழியே கதையை அறிபவர், 2012ஆம் ஆண்டு மார்ச்சில் சினத்தை மூட்டிய முதற்பாடத்தைக் காண்பதில்லை. டிக்கன்சின் முதல் முடிவை அவர் நண்பர் ஃபார்ஸ்டர் தாம் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் பதித்து வைத்தமையால் பிற்காலத்தார் இரண்டையும் ஒப்பிட முடிகிறது. ஏட்டுச்சுவடிகளில் பாடவேறுபாடு கண்ட தமிழாசிரியர்க்கு இதன் இன்றியமையாமையை விளக்க வேண்டுவதில்லை. மூலபாடம் மறைந்தால், அதன்மேல் எழுந்த வழக்கின் நியாயமும் மறைந்துவிடும்.

வழக்கின் தீர்ப்பு யாது? முடிவைத் தீர்மானிக்கும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்பதில் ஐயமில்லை. சேக்சுபியர் கார்டீலியாவைக் கொன்றதும் டாயில் ஹோம்சை வீழ்த்தியதும் அவ்வுரிமையால்தான். ஆயினும், அவர்கள் எவரும் வாசகரிடம் எழுதுகோலை நீட்டி, இக்கதையை நீவிரும் எழுதுக என்று கூறியதில்லை. மாஸ் எஃபெக்ட் கூறியது. ஐந்தாண்டுகள் கூட்டாளியாக நடத்தியவரை, கடைசிப் பத்து நிமிடங்களில் வெறும் பார்வையாளராக இருத்தியதே அதன் பிழை. சுவைஞர் கேட்டது இனிய முடிவை அன்று. தம் உழைப்புக்கு அடையாளம் காட்டும் முடிவை. அவ்வளவில் அவர்கள் வழக்கு நியாயமானது. அதற்கு அப்பால் சென்று, தாம் விரும்பியதையே எழுதித் தருக என்றோரின் வழக்கு நியாயமன்று.

உரிமையைக் கைவிடாமல் கடமையை ஏற்கலாம் என்பதற்கு எட்மன்டனாரின் விரிவாக்கம் சான்றாக நிற்கிறது. அது குறையற்ற விடையன்று; மனநிறைவு கொள்ளாதோர் பின்னரும் இருந்தனர். எனினும் கதை சொல்வோரையும் கேட்போரையும் பிணைக்கும் எழுதா ஒப்பந்தம் ஒன்று உண்டென்பதை அது ஏற்றுக்கொண்டது. கேட்போரின் பங்கு கதையில் பெருகும்தோறும் அவ்வொப்பந்தத்தின் கடப்பாடும் பெருகும். கருவி மாறலாம், ஏடு போய்த் திரை வரலாம். சொன்ன சொல்லைக் காக்கும் கடன் கதைசொல்லியை விட்டு நீங்குவதில்லை.